எனக்கு மட்டும் அடித்த வாடை

தாயே அங்காளம்மா, இதை எழுதும்போது பொய் ஒன்று வந்தால் என் கையை நீயே நிறுத்திவிடு. மூக்கடைப்பும் சளியுமாக வருஷக்கணக்கில் கிடப்பவர்கள் யாராவது இதைப் படித்து, நான் செய்த தப்பைச் செய்யாமல் இருந்தால் எனக்கு அது போதும்.

எனக்கு ஊர் செஞ்சி. மண்டியில் மல்லாட்டை எடை போடுவது வேலை. நிலக்கடலையைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம். மூட்டையை அவிழ்த்துக் கொட்டும்போது எழும்பும் தூசியில் எதிரே நிற்கும் ஆள் தெரியாது. பதினைந்து வருஷம் அந்தத் தூசிக்குள் நின்றேன். முதலில் வந்தது மூக்கடைப்பு. பனிக்காலத்தில் மட்டும் வந்துகொண்டிருந்தது, பிறகு வருஷம் பூராவும் தங்கிவிட்டது. கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஒரு பாரம். குனிந்தால் உள்ளே ஏதோ முன்னால் நகர்ந்து வருவது போலிருக்கும். பின்னாலேயே இருமல் வந்தது. காலையில் எழுந்து அரை டம்ளர் சளி துப்பினால்தான் பேச்சு வரும். படுத்தால் நெஞ்சுக்குள் குழம்பு கொதிப்பது போல் சத்தம் கேட்கும். நொச்சி இலை போட்டு வேது பிடித்தேன், சுக்குப் பற்றுப் போட்டேன். இரண்டு நாள் கேட்கும், மூன்றாம் நாள் பழையபடிதான்.

ஒரு நாள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி பச்சையம்மா தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தாள்.

"சோறு அடிபிடிச்சு தெருவே நாறுது. பக்கத்துலயே குந்திக்கினு இருக்கிறீங்க! இன்னாங்க ஆச்சு உங்களுக்கு?"

பானையைப் பார்த்தேன். புகைந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அன்றைக்குத்தான் புரிந்தது, என் மூக்கிலிருந்து வாசனை என்பதே போய்விட்டது என்று. பூ, சாம்பிராணி, காப்பி, குழந்தையின் தலையில் வைக்கும் எண்ணெய், எதுவும் இல்லை. எல்லாம் போன இடத்தில் ஒன்று மட்டும் வந்தது.

அது உச்சிவேளை. சாப்பிட்டுவிட்டு மண்டி வாசலில் நின்றிருந்தேன். தெருவில் ஆள் இல்லை. ராஜகிரி மலைப் பாறைகள் வெயிலில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தன. திடீரென்று பிணம் எரிகிற வாடை அடித்தது. மயிரும் துணியும் எண்ணெயும் சேர்ந்து கருகும் வாடை. என் நைனாவுக்குக் கொள்ளி வைத்தவன் நான், எனக்கு அது மறக்குமா? உள்ளே கோணி தைத்துக்கொண்டிருந்த கன்னியப்பனிடம் கேட்டேன். கிழிந்த மூட்டைகளைத் தைப்பது அவர் வேலை. என்னைவிட இருபது வயது மூத்தவர்.

"யாரண்ணே போயிட்டாங்க? வாடை வருதே."

"யாரும் போவலியே. இன்னா வாடை? எனக்கு ஒண்ணும் வரல."

எனக்கு நிலைகொள்ளவில்லை. ஆற்றங்கரைச் சுடுகாடு வரைக்கும் நடந்தேன். அங்கே நெருப்பு இல்லை. பழைய சாம்பல் மேல் ஒரு நாய் படுத்திருந்தது. புளியமரத்து நிழலில் வெட்டியான் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"எட்டு நாளா ஒண்ணும் மூட்டலியே. இன்னாத்துக்குக் கேக்குற?" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாராச்சும் வராங்களா?" என்றார்.

திரும்பி மண்டிக்குள் நுழைந்தேன். கன்னியப்பன் பக்கத்தில் போகப்போக வாடை கூடியது. அவர் மேலிருந்தே வருவது போலிருந்தது. நான் நின்று பார்ப்பதைக் கண்டு அவர் கோணி ஊசியைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

"இன்னாடா, என் மூஞ்சில இன்னா எழுதி ஒட்டியிருக்குது? அப்படிப் பாக்குற?"

மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு கோணிக் குவியல் மேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரை எரித்தபோது வெட்டியான் கழியை ஊன்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். யாருக்கும் கேட்காமல் சொன்னார். "அன்னிக்கே உனக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

மண்டியில் நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவர் வேறு யாரிடமோ பேசியிருக்கிறார். பத்து நாளில் மண்டி முழுக்கப் பரவிவிட்டது. வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார்கள். "என்கிட்ட அடிக்குதா பாருய்யா. அடிச்சா பொண்டாட்டிய அம்மா வூட்டுக்கு அனுப்பாம நிறுத்திக்கிறேன்" என்று ஒருவன் நெஞ்சைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். திருப்பிக்கொண்டதே போதும், அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிடும்.

வாடை தினம் வரவில்லை. வாரத்தில் இரண்டு தடவை வரும், சில நாள் தொடர்ந்து வரும். வரும்போது யார் எதிரே இருக்கிறார்களோ அவர்கள் மேல் அடிக்கும். ஜட்கா வண்டிக்காரரின் குதிரை மேல் அடித்தது, அடுத்த வாரம் குதிரை செத்தது. அதையும் நான் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். யார் யார் மேல் அடித்தும் அவர்கள் சாகவில்லை என்பதை மட்டும் சேர்க்கவில்லை. பயந்தவன் நினைவு அப்படித்தான் வேலை செய்யும் போலிருக்கிறது.

ஒரு நாள் பகலில் என் வீட்டு வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள வல்லத்திலிருந்து வந்திருந்தார்கள். வண்டியில் வைக்கோல் மேல் ஒரு பெரியவர் படுத்திருந்தார். அவர் மகன் கைகூப்பினான்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்க. நைனா பக்கத்துல ஒருதரம் வந்து நில்லுங்க. அது போதும்."

போயிருக்கக் கூடாது. போனேன். வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாடை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, அம்மன் சாட்சி. ஆனால் அந்தப் பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, கொஞ்ச நேரம் கழித்து, "வண்டியத் திருப்புடா" என்றார். அவ்வளவுதான். அன்று முதல் கஞ்சியைக் கையால் தள்ளிவிட்டாராம். நாலாம் நாள் முடிந்துவிட்டது என்று சந்தைக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. எங்கள் குலத்துக்கு மேல்மலையனூர் அங்காளம்மன்தான் எல்லாம். அவள் சுடுகாட்டில் இருப்பவள், சாம்பல் பூசியவள். அவள்தான் என் மூக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நம்பினேன். பயம் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமை அஞ்சலை வந்து நின்ற நாளில் அழிந்தது. அஞ்சலை என் ஒரே மகள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விடுமுறை என்று எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு மண்டிக்கு வந்தாள். தூக்குப் போசியைத் திறந்து, மூடியில் ரசத்தை ஊற்றி நீட்டினாள். அப்போது அடித்தது. அதுவரை அப்படி அடித்ததே இல்லை. கண்ணில் நீர் வந்தது.

"இன்னா நைனா, என்னையே பாக்குற? சோறு ஆறுது பாரு."

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நான் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மேல்மலையனூர் போனேன். அமாவாசைக் கூட்டம் இல்லாத நாள். சந்நிதியில் காற்றுக்கூட அசையவில்லை. மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை வைத்து முடிந்தேன்.

மண்டியில் விலையை வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கைகளைத் துண்டுக்கு அடியில் மறைத்துக்கொண்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்து முடிவு செய்வார்கள். என்ன விலை என்று சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. நான் அம்மனிடம் பேசியதும் அப்படித்தான். 'அவளை விடு. அவளுக்குப் பதில் என்னை எடுத்துக்கொள். தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்வாங்க மாட்டேன்.'

வீட்டுக்கு வந்தபோது அஞ்சலை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே எனக்கு இருமலில் ரத்தம் வந்தது. பேரம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மஞ்சள் முடிச்சைச் சாமி படத்தின் ஆணியில் கட்டினேன். பச்சையம்மா பார்த்தாள். "உங்க ஒடம்புக்கா முடிஞ்சீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். அன்று முதல் அவள் அந்த முடிச்சுக்குத் தினமும் குங்குமம் வைத்து, என்னைக் குணமாக்கச் சொல்லிக் கும்பிட்டாள். நான் சாவதற்காக முடிந்த முடிச்சின் முன்னால் அவள் கண்மூடி நிற்பதைப் பாயில் படுத்தபடி பார்ப்பேன்.

எடைத் தட்டில் ரத்தம் துப்பிய அன்று பச்சையம்மாவின் தம்பி முனுசாமி வந்துவிட்டான். "வா மாமா, இல்லாட்டி தூக்கிக்கினு போவேன்" என்றான். சொன்னதைச் செய்கிறவன். பஸ்ஸில் திண்டிவனம் போய், அங்கிருந்து பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அஞ்சலையைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டான். வாரம் தவறாமல் பஸ்ஸில் வந்து, அரிசிக்கு அலைந்த அந்தக் காலத்திலும் ஒரு பையில் அரிசி கொண்டுவந்து கொடுப்பான். பச்சையம்மா ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் மூன்று கல் வைத்துப் பொங்குவாள்.

ஊரில் எல்லோரும் டிபி என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று தரம் சளியைப் பரிசோதித்துவிட்டு இல்லை என்றார்கள். ஒவ்வொரு தரமும் சீட்டு வரும் வரைக்கும் நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பெஞ்சில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். இருமல் மட்டும் ஒரு கோடியில் ஆரம்பித்து மறுகோடி வரை ஒருவர் விடாமல் போய்த் திரும்பி வரும்.

என் கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடிச் சாடி வைத்தார்கள். நாள் முழுக்கத் துப்புவதை அதில்தான் துப்ப வேண்டும். அசையாமல் வைத்தால் சளி மூன்று அடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே நுரை, நடுவில் தண்ணீர், அடியில் சீழ். நெஞ்சு டாக்டர் தினமும் காலையில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பிறகு ஒரு நாள் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, நெஞ்சுக்குள் ஏதோ எண்ணெய் மருந்தை ஊற்றிப் படம் எடுத்தார்கள். சொந்த நெஞ்சுக்குள் எண்ணெய் இறங்குவதை உட்கார்ந்து உணர்வது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீருக்குள் மூழ்குகிறவன் மேலே நடப்பவர்களைப் பார்ப்பது போல, டாக்டரையும் சிஸ்டரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் என் நெஞ்சு தலைகீழாகத் தொங்கும் மரம் மாதிரி இருந்தது. ஒரு பக்கத்துக் கிளை நுனிகள் மட்டும் ஊதிப் பைபையாகத் தொங்கின.

"காத்துக் குழாய் தளர்ந்து பை மாதிரி ஆயிடுச்சு" என்றார் டாக்டர். "பையில சளி தேங்குது, தேங்கி அழுகுது. அதுதான் இருமல், அதுதான் ரத்தம். பழையபடி ஆக்க முடியாது. ஆனா தேங்காம பாத்துக்கலாம். நல்லா வாழலாம்."

அதற்கு வழி, கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தி, தலையைக் கீழே தொங்கவிட்டுக் குப்புறப் படுப்பது. ஒருவர் முதுகில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தேங்கிய சளி தானாக வாய்க்கு இறங்கி வரும். பச்சையம்மா தட்டினாள், குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி. வாய்க்கு வந்ததை நான் துப்பாமல் விழுங்கினேன். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, சிஸ்டர் போனதும் தலையணை உறைக்குள் தள்ளினேன். ஊசியை மட்டும் தடுக்க முடியவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் மனதுக்குள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். 'நான் பின்வாங்கவில்லை தாயே, இவர்கள் குத்துகிறார்கள்.'

பகலில் கண் அயர்ந்தால் ஒரே கனவு. செஞ்சியில் என் வீட்டு வாசலில் வல்லத்து வண்டி நிற்கும். வைக்கோல் மேல் சின்னதாக ஒரு உருவம். என்னை வந்து நிற்கச் சொல்வார்கள். நான் போகமாட்டேன் என்பேன். கால் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் திண்டிவனத்து டெய்லர் ஒருவர் இருந்தார். முனுசாமி வாய் சும்மா இருக்காமல் என் மூக்கின் மகிமையை அவரிடம் சொல்லிவிட்டான். அன்று முதல் அவர் என் பக்கம் முதுகைக் காட்டித்தான் படுப்பார். "அண்ணே, கோச்சிக்காதீங்க. எனக்கு நாலு பொண்ணு. இந்தப் பக்கம் மட்டும் பாத்துறாதீங்க" என்பார். அவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டிப் பாதி கொடுப்பார். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன்.

ஒரு நாள் காலை நெஞ்சு டாக்டர் சாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சாடி காலியா இருக்கு. நெஞ்சு நிறைஞ்சு இருக்கு. நடுவுல எங்க போவுது?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன். அன்று பகலில் பச்சையம்மா தலையணையை வெயிலில் போட எடுத்து வராந்தாத் தூணில் தட்டினாள். மாத்திரைகள் உதிர்ந்து சிமெண்டுத் தரையில் ஓடின.

அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். என்னை வெளியே வரச் சொல்லி வேப்பமரத்தடியில் உட்காரவைத்தாள். "சொல்லுங்க" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அஞ்சலை மேல் வாடை அடித்ததையும், மஞ்சள் முடிச்சில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதையும் சொன்னேன். நான் பிழைத்தால் அவள் பிழைக்கமாட்டாள் என்றேன்.

பச்சையம்மா முந்தானையில் கிடந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"எங்க அண்ணிகிட்ட அடிச்சுதுன்னு சொன்னீங்களே, போன ஆடியில. ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"அவங்க இன்னும் ஊர ரெண்டாக்கிக்கினுதான் இருக்காங்க. அவங்களுக்கு எப்ப வருதாம் சாவு? கேட்டுச் சொல்லுங்க, அண்ணன் காத்துனு இருக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை. குரல் மாறியது.

"அவளுக்குப் பதிலா என்னை எடுத்துக்கோன்னு சொன்னீங்களே, என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா? சாமிகிட்ட துண்டுக்கு அடியில வெரல் புடிச்சுப் பேசறதுக்கு அது இன்னா மண்டியா? அங்காளம்மா என்னிக்கி உங்ககிட்ட வெல கேட்டா? தினம் அந்த முடிச்சுக்கு நான் குங்குமம் வெச்சேனே. என் கையாலயே..."

அப்படியே எழுந்தவள் நேராக டாக்டரிடம் போய்விட்டாள்.

மறுநாள் என்னை மூக்கு டாக்டரிடம் அனுப்பினார்கள். இளவயதுக்காரர், அதிகம் பேசாதவர். பச்சையம்மா சொன்னதையெல்லாம் அவரும் கேட்டிருந்தார், சிரிக்கவில்லை. என் முகத்து எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மண்டையோடு ஒன்று என்னைப் பார்த்தது. அது நான்தான் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கண்ணுக்குக் கீழ ரெண்டு பக்கமும் எலும்புக்குள்ள ஒரு காலி ரூம் இருக்கும். காத்து மட்டும்தான் இருக்கணும், படத்துல கறுப்பா தெரியணும். இந்தப் பக்கம் பாருங்க, வெள்ளையா இருக்கு. சீழ். வருஷக்கணக்கா அடைஞ்சு கிடக்குது. அதுதான் உங்களுக்கு வாடை. நீங்க தூங்கும்போது அதே சீழ் தொண்டை வழியா நெஞ்சுக்கு இறங்குது. மேல தொட்டி ஒழுகுது, கீழ வீடு நனையுது. ரெண்டையும் பாக்காம ஒண்ண மட்டும் சரிபண்ண முடியாது. முதல்ல மூக்கு வழியா ஊசி விட்டு இந்தச் சீழைக் கழுவி எடுக்கணும்."

"அப்ப கன்னியப்பன் எப்படிங்க செத்தாரு? வல்லத்துப் பெரியவரு?"

அவர் படத்தைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரியாது. அவங்கள நான் பாக்கல. உங்க மூக்கைத்தான் பாத்தேன். வாடை அவங்ககிட்ட இருந்து வரல. அது மட்டும் எனக்குத் தெரியும்."

அவர் தெரியும் என்று சொன்னதைவிடத் தெரியாது என்று சொன்னதுதான் எனக்குத் தெம்பு கொடுத்தது. இருந்தும் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. கழுவிவிட்டு, அதே நேரத்தில் செஞ்சியில் மகளுக்கு ஏதாவது ஆனால்? கடைசியில், அஞ்சலையைக் கூட்டிவந்து என் காதுக்கு எட்டும் தூரத்தில் உட்காரவைத்தால் சம்மதம் என்றேன். முனுசாமி கூட்டிவந்தான்.

மூக்கு கழுவும் அறைக்கு வாசலில் பாதிக் கதவுதான், மேலேயும் கீழேயும் திறந்திருக்கும். வெளியே பெஞ்சில் அவளை உட்காரவைத்தார்கள். "எட்டாம் வாய்ப்பாடு சத்தமா சொல்லிக்கினே இரு. மாமா சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது" என்று முனுசாமி சொல்வது கேட்டது.

மருந்தில் நனைத்த பஞ்சை மூக்குக்குள் திணித்தார்கள். பாதி முகம் மரத்துப்போனது. பிறகு தடித்த ஊசி ஒன்றை மூக்குக்குள் விட்டு, பக்கத்து எலும்பில் வைத்து அழுத்தினார் டாக்டர். வலி பெரிதாக இல்லை, ஆனால் சத்தம் இருக்கிறதே! மல்லாட்டை ஓடு நொறுங்குகிற சத்தம், என் தலைக்குள்ளேயே கேட்டது.

"ஓரெட்டு எட்டு. ஈரெட்டுப் பதினாறு."

சிஸ்டர் ஒரு தட்டை என் தாடைக்குக் கீழே பிடித்தார். "வாயத் தொறந்து வெச்சுக்கோங்க. குனிஞ்சு இருங்க. வாயாலயே மூச்சு விடுங்க."

"மூவெட்டு இருபத்துநாலு. நாலெட்டு முப்பத்திரெண்டு."

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கன்னத்துக்குள் ஏறியது. முகம் வெடித்துவிடும் போலிருந்தது. வாடை வந்தது. மண்டியிலும் வண்டியிலும் அடித்ததெல்லாம் ஒன்றுமில்லை என்பது போல, தலை முழுக்க ஒரு சுடுகாடு திறந்துகொண்டது.

"ஐயெட்டு நாப்பது. ஆறெட்டு நாப்பத்தெட்டு. ஏழெட்டு..."

நின்றுவிட்டது.

காத்திருந்தேன். ஐம்பத்தாறு வரவில்லை. தாயே, பேரத்தை முறித்தது நான்தானே, அவளை விடு என்று கத்தப் பார்த்தேன். வாய்க்குள் தண்ணீர். எழப் பார்த்தேன், டாக்டர் தோளை அழுத்தினார். தட்டில் ஏதோ கொட்டிக்கொண்டே இருந்தது. சிஸ்டர் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டு, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். அவர் ஏன் பொத்துகிறார் என்று எனக்குப் புரிவதற்குள் பாதிக் கதவுக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐயே! நைனா! இன்னா நாத்தம் இது!"

அஞ்சலை குந்தி உட்கார்ந்து கதவுக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் மூக்கை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அத்தனை மாதத்தில் அந்த வாடை என்னைத் தவிர வேறு ஒருவருக்கு அடித்தது அப்போதுதான். தட்டைப் பார்த்தேன். பச்சையும் மஞ்சளுமாகக் கட்டி கட்டியாகக் கிடந்தது. கன்னியப்பன் மேல் அடித்தது, வல்லத்துப் பெரியவர் மேல் அடித்தது, என் மகள் சோறு போட்டபோது அடித்தது, எல்லாம் அந்தத் தட்டில் இருந்தது. ஊசி மூக்கில் இருக்கும்போதே நான் அழ ஆரம்பித்தேன். டாக்டர் வலிக்குதா என்றார். இல்லை என்று கையை ஆட்டினேன்.

"ஏழெட்டு அம்பத்தாறுடி. சொல்லு" என்றான் முனுசாமி வெளியே.

"மூக்கப் புடிச்சுக்கினு எப்படி மாமா சொல்றது?"

இன்னும் மூன்று தரம் கழுவினார்கள். ஒவ்வொரு தரமும் தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது. மாத்திரையை விழுங்கினேன், சளியைச் சாடியில் துப்பினேன். வீட்டுக்குப் போகும் நாளில் டெய்லர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முகத்துக்கு நேராகப் பழம் கொடுத்தார். பழத்தை மூக்கருகில் வைத்தேன். ரொம்பத் தூரத்திலிருந்து வருவது போல ஆரஞ்சு வாசனை வந்தது.

வந்த பிறகு மஞ்சள் முடிச்சை என்ன செய்வது என்று தெரியவில்லை. மூவருமாக மேல்மலையனூர் போனோம். நான் அதை அவிழ்க்கப் போனேன். பச்சையம்மா என் கையைப் பிடித்தாள்.

"அவுக்காதீங்க. அதுல நீங்க கேட்டதும் இருக்குது, நான் கேட்டதும் இருக்குது. அப்படியே போடுங்க. எது வேணுமோ அவ எடுத்துக்கட்டும்."

அப்படியே உண்டியலில் போட்டோம். உள்ளே விழுந்த சத்தம் கேட்கவில்லை. நானும் பச்சையம்மாவும் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றோம்.

இந்த வியாதி போய்விட்டது என்று எழுத மாட்டேன். நெஞ்சில் பைகள் அப்படியேதான் இருக்கின்றன. காலையும் மாலையும் கட்டிலில் தலைகீழாகத் தொங்குகிறேன், பச்சையம்மா தட்டுகிறாள். மண்டியில் இப்போது துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் தராசுக்கு முன்னால் நிற்கிறேன். பனிக்காலம் வந்தால் கன்னத்தில் பாரம் ஏறும். ஏறினால் பாண்டிச்சேரிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வர வேண்டும்.

போன மார்கழியில் வாடை மறுபடி வந்தது. வீட்டில் உட்கார்ந்திருந்தேன், நடுப்பகல். எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எந்த எலும்புக்குள், எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும். இருந்தும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாடை வரும்போது நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அந்தப் பெரியவர் வாடையால் செத்தாரா, என் முகத்தைப் பார்த்துச் செத்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அஞ்சலை வேதுக்குக் கொதிக்கிற பானையைக் கொண்டுவந்து எதிரே வைத்தாள், போர்வையும் கொண்டுவந்தாள். நான் நிமிரவில்லை.

"வருதா நைனா?"

"ம்."

அவள் எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்தாள். ஈரக்கையோடு என் தாடையைப் பிடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் விடவில்லை. முகத்தைத் தூக்கித் தன் பக்கம் திருப்பினாள்.

"கண்ணத் தொற. என்னப் பாரு."

பார்த்தேன். வாடை அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவள் கண் இமைக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை, மூக்கு நுனியில் கரி.

"நல்லா பாத்துட்டியா? சரி, குனி. பானை ஆறுது."

போர்வையை என் தலைமேல் போட்டவள், தானும் உள்ளே வந்துவிட்டாள்.